ஈரத்தோட மூடாதீங்க: ஊர் ஊராப் போறவங்களுக்கு ஒரு ஷேவிங் பிரஷ்

இது எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.

போன எபிசோடுல பையை எப்படி பேக் பண்றதுன்னு பேசினோம். அதுக்கு வந்த மெசேஜ்ல நிறைய பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தீங்க. "ப்ரோ, ஷேவிங் பிரஷ்ஷை எப்படி எடுத்துட்டுப் போறது? எது வாங்கலாம்?" இன்னைக்கு முழுக்க அதுதான். ஷேவிங் பிரஷ்ஷைப் பத்தி ஒரு முழு எபிசோடான்னு சிரிக்காதீங்க. இந்தச் சின்ன சாமான் என்னை ஒரு தடவை தோல் டாக்டர் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கு.

அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

அப்பாவோட பிரஷ்

என் வேலை பத்தி உங்களுக்குத் தெரியும். மாசத்துல மூணு வாரம் வெளியூர். புனே, ஹைதராபாத், கொச்சின்னு சுத்திட்டே இருப்பேன். காலையில ஒன்பது மணிக்கு கிளையன்ட் முன்னாடி நிக்கணும். என் தாடி ரொம்ப அடர்த்தி. வறண்ட முகத்துல ரேசரை இழுத்தா கழுத்தெல்லாம் சிவந்துடும். அதனால எனக்குப் பிரஷ் வேணும்.

வேலை கிடைச்ச புதுசுல அப்பா தன்னோட பிரஷ்ஷைக் கொடுத்தாரு. சிவப்பு பிளாஸ்டிக் கைப்பிடி, வெள்ளை முடி. அப்பா ஒரு மருந்து கம்பெனியில ரெப்பா இருந்தவர். திருநெல்வேலி, நாகர்கோவில், தூத்துக்குடின்னு இருபது வருஷத்துக்கு மேல லாட்ஜ் லாட்ஜா தங்கினவர். பிரஷ்ஷும் அவர் கூடவே போயிருக்கு.

நான் என்ன பண்ணேன்? ரொம்ப பாதுகாப்பா வச்சுக்கிறேன்னு ஆன்லைன்ல ஒரு பிளாஸ்டிக் டியூப் வாங்கினேன். நல்ல இறுக்கமான மூடி. காலையில ஷேவ் பண்ணி, கழுவி, ஒரு உதறு உதறி, டியூப்ல போட்டு மூடி, பைக்குள்ள திணிச்சேன். ஜூலை மாசம், கொச்சியில மழை. அடுத்த ரெண்டு நாள் வேலை ராத்திரி ஷிஃப்ட்ல போனதால ஷேவ் பண்ணவே இல்ல. நாலாவது நாள் காலையில டியூப்பைத் திறந்தேன். தண்ணி தேங்கின டிரெயின் பாத்ரூம் வாடை. முடி அடியில சின்னச் சின்னதா கறுப்புப் புள்ளி. பூஞ்சை.

நேரம் இல்ல. வெந்நீர்ல நாலு தடவை அலசிட்டு அதையே முகத்துல போட்டேன். நான் செஞ்ச முட்டாள்தனம் அதுதான். ரெண்டு நாள் கழிச்சு கழுத்து முழுக்க சீழ் வச்ச குருகுரு கட்டி. ஊருக்கு வந்ததும் டாக்டர்கிட்ட போனேன். முடி வேர்ல வந்த தொற்றுன்னாரு. பிரஷ்தான் காரணமான்னு கேட்டேன். "அடிக்கடி ஷேவ் பண்றதாலயும் வரும், பழைய பிளேடாலயும் வரும். உறுதியா சொல்ல முடியாது. ஆனா பூஞ்சை பிடிச்ச பிரஷ்ஷை முகத்துல தேய்க்கிறதுக்கு ஒரு காரணமும் இல்லையே"ன்னாரு. நியாயமான பேச்சு.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட பிரஷ்ஷைக் காட்டினேன். கோபப்படுவாருன்னு நினைச்சேன். முகர்ந்து பார்த்துட்டு, "ஏம்ப்பா, இதை எதுக்கு மூடி வச்ச?"ன்னு கேட்டாரு.

"நீங்க எப்படிப்பா எடுத்துட்டுப் போவீங்க?"

"நான் எங்க மூடினேன்? லாட்ஜ் ஜன்னல்ல வச்சிருவேன். ரயில்ல வந்தா கைக்குட்டையில தளர்வா சுத்திப் பையோட மேல் பக்கம் சொருகிருவேன். காத்துப் படாம எதை அடைச்சு வச்சாலும் நாறத்தான் செய்யும்."

இந்த எபிசோடுல நான் சொல்லப்போற எல்லாமே அந்த ஒரு பதில்ல இருக்கு. வீட்டுக்கு ஒரு பிரஷ் வாங்கும்போது எவ்வளவு மென்மை, எவ்வளவு நுரைன்னு பார்க்கிறோம். அடிக்கடி ஊர் போறவன் முதல்ல பார்க்க வேண்டியது வேற: இந்தப் பிரஷ் எவ்வளவு சீக்கிரம் காயும்? மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

முதல்ல, பிரஷ் தேவையா?

நேர்மையா சொல்லிடறேன். எல்லாருக்கும் தேவையில்ல. மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு நாள் டிரிப் போறீங்கன்னா, பிரஷ் இல்லாம கையால தடவுற கிரீம் ஒரு சின்ன டியூப் போதும். தாடி வளர்க்கிறவங்க டிரிம்மரோட முடிச்சுக்கலாம்.

பிரஷ் என்ன பண்ணுதுன்னா, தண்ணியையும் சோப்பையும் கலந்து முடி வேர் வரைக்கும் கொண்டுபோகுது. தாடி முடி காய்ஞ்சிருக்கும்போது ரொம்ப முரடு. ரெண்டு மூணு நிமிஷம் தண்ணி குடிச்சா நல்லா இளகிடும், பிளேடு சுலபமா வெட்டும். பிரஷ்ஷால தேய்க்கிற அந்த ஒரு நிமிஷம் முடியை நிமித்தி விடுது, தோல் மேல இருக்கிற அழுக்கையும் எடுக்குது. அடர்த்தியான தாடி, சுருட்டை முடி, உள்நோக்கி வளர்ற முடி இருக்கிறவங்களுக்கு இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். தினமும் ஷேவ் பண்றவங்க, மாசத்துல பத்து நாளுக்கு மேல வெளியூர்ல தூங்குறவங்க, உங்களுக்குத்தான் மீதி எபிசோடு.

நாலு வகை முடி

கடையில கிடைக்கிற பிரஷ் எல்லாம் நாலு வகைக்குள்ள அடங்கும். பன்றி, பேட்ஜர், குதிரை, அப்புறம் செயற்கை இழை.

பன்றி முடி. நம்ம அப்பா, தாத்தா காலத்துப் பிரஷ் நிறைய இதுதான். விலை கம்மி. முடி கொஞ்சம் விறைப்பா இருக்கும், கெட்டியான சோப்பைக் கூட நல்லா கரைச்சு எடுக்கும். ஆனா ஷேவுக்கு முன்னாடி சில நிமிஷம் தண்ணியில ஊற வைக்கணும். புதுசுல முகத்தைக் குத்தும். சில வாரம் உபயோகிச்சா முடி நுனி பிளந்து மிருதுவாகும். முடியே தண்ணியை உள்ள இழுத்துக்கிறதால காய நேரம் எடுக்கும்.

இன்னொரு விஷயம். நிறைய பாக்கெட்ல பன்றின்னு போட மாட்டாங்க, "இயற்கை முடி"ன்னு மட்டும் போடுவாங்க. மத நம்பிக்கை காரணமா பன்றி முடி தொடாத நண்பருக்குப் பரிசா வாங்கும்போது கேட்டு வாங்குங்க. மலேசியாவுல பன்றியோட எந்தப் பாகத்துல செஞ்ச பொருளா இருந்தாலும் அதை லேபிள்ல சொல்லியாகணும்னு 2013ல விதியே கொண்டுவந்தாங்க.

பேட்ஜர் முடி. பேட்ஜர்னா மண்ணைத் தோண்டி வளையில வாழுற ஒரு விலங்கு. முகத்துல கறுப்பு வெள்ளைக் கோடு இருக்கும். இந்த முடிக்குத்தான் ரொம்ப நாளா ராஜ மரியாதை. தண்ணியை நிறைய பிடிச்சுக்கும், சூட்டை வச்சுக்கும், முகத்துல பட்டா பஞ்சு மாதிரி இருக்கும். விலையும் அதிகம். ஆனா தண்ணியை நிறைய பிடிச்சுக்கிற இந்தக் குணமே பயணத்துல எதிரி. அடர்த்தியான பேட்ஜர் பிரஷ் ஈரமான ஊர்ல அடுத்த நாள் காலையில கூட அடியில ஈரமா இருக்கும்.

இந்த முடி பெரும்பாலும் சீனாவுல இருந்து வருது. 2018ல பீட்டா அமைப்பு அங்க இருக்கிற பேட்ஜர் பண்ணைகளோட நிலைமையைக் காணொளியா வெளியிட்டதுக்கு அப்புறம் சில நிறுவனங்கள் பேட்ஜர் முடியையே விட்டுட்டாங்க. அது உங்க மனசாட்சிக்கு விட்ட விஷயம். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கணும்.

குதிரை முடி. பிடரியில இருந்தும் வால்ல இருந்தும் எடுக்கிற முடி. கத்தரிச்சு எடுக்கலாம், அதுக்காக விலங்கைக் கொல்ல வேண்டியதில்ல. குணத்துல பன்றிக்கும் பேட்ஜருக்கும் நடுவுல. நம்ம ஊர்க் கடையில அபூர்வம்.

செயற்கை இழை. நைலான் மாதிரி பிளாஸ்டிக் இழை. பழைய நைலான் பிரஷ் உபயோகிச்சவங்க முகம் சுளிப்பீங்க. துடைப்பம் மாதிரி இருக்கும், தண்ணியே நிக்காது. ஆனா கடந்த பதினைஞ்சு வருஷத்துல இது ரொம்ப மாறிடுச்சு. இப்ப வர்ற இழை ரொம்ப மெல்லிசு, நுனி கூர்மையா சீவி விட்டிருப்பாங்க. கண்ணை மூடிட்டு முகத்துல தேய்ச்சா நிறைய பேரால இது பிளாஸ்டிக்னு சொல்ல முடியாது. ஊற வைக்க வேண்டாம். கொஞ்சம் கிரீமுக்கே நிறைய நுரை வரும்.

முக்கியமான வித்தியாசம் இதுதான். விலங்கு முடி நம்ம தலைமுடி மாதிரி, தண்ணி அதோட உள்ளேயே போயிடும். செயற்கை இழை தூண்டில் நரம்பு மாதிரி, தண்ணி இழைக்கு நடுவுல மட்டும்தான் நிக்கும். உதறினா பாதிக்கு மேல போயிடும். தலைக்குக் குளிச்சிட்டு வந்த முடி காய எவ்வளவு நேரம் ஆகுது, கொடியில கிடக்கிற நைலான் கயிறு காய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு யோசிங்க. அவ்வளவுதான் சயின்ஸ்.

நான் ஒரு சின்ன சோதனை பண்ணேன். அப்பாவோட பிரஷ் கெட்டுப்போன பிறகு பன்றி, பேட்ஜர், செயற்கைன்னு மூணு பிரஷ் வாங்கினேன். மூணையும் ஒரே நேரத்துல கழுவி, உதறி, ஃபேன் கீழ நிக்க வச்சேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை முடியோட அடியில டிஷ்யூ பேப்பரை அழுத்தி எடுத்தேன். மத்தியானம் சாப்பிட உட்கார்றப்போ செயற்கை பிரஷ்ல டிஷ்யூ காஞ்சே வந்துச்சு. பன்றி முடி ராத்திரி படுக்கப் போறப்போ காய்ஞ்சிருந்துச்சு. பேட்ஜர் அப்பவும் டிஷ்யூவை நனைச்சுது. உங்க ஊர்க் காத்துல நேரம் மாறும், ஆனா வரிசை மாறும்னு எனக்குத் தோணல.

ஒரு பழைய கதை: பிரஷ்ஷும் ஆந்த்ராக்ஸும்

பிரஷ் முடி எங்கிருந்து வருதுன்னு ஏன் கவலைப்படணும்? ஒரு நிஜ வரலாறு சொல்றேன்.

முதல் உலகப் போர். அதுக்கு முன்னாடி நல்ல பிரஷ்ஷுக்கான பேட்ஜர் முடி நிறைய ரஷ்யாவுல இருந்து வந்துட்டிருந்துச்சு. போரால அந்த வரத்து நின்னு போச்சு. வியாபாரிங்க சீனா, சைபீரியா, ஜப்பான் பக்கத்துல இருந்து குதிரை முடியை வாங்கி, சாயம் போட்டு, பேட்ஜர் மாதிரி ஆக்கி வித்தாங்க. அதுல சிலது சரியா கிருமி நீக்கம் பண்ணாத முடி. அதுக்குள்ள ஆந்த்ராக்ஸ் கிருமியோட வித்து உட்கார்ந்திருந்துச்சு. இந்த வித்து வருஷக்கணக்கா சாகாது.

ராணுவத்துல அப்ப ஷேவ் பண்றது கட்டாயம். விஷ வாயு முகமூடி முகத்தோட ஒட்டி உட்காரணும்னா தாடி இருக்கக் கூடாது. ஷேவ் பண்ணும்போது சின்னதா ஒரு வெட்டு, அது வழியா கிருமி உள்ள போகும். அமெரிக்க, பிரிட்டிஷ் சிப்பாய்ங்க, பொதுமக்கள்னு நூத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு முகத்துலயும் கழுத்துலயும் ஆந்த்ராக்ஸ் வந்துச்சு. சிலர் செத்தும் போனாங்க. 1920ல பிரிட்டன் ஜப்பான்ல இருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதி பண்றதையே தடை பண்ணுச்சு. 2017ல அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தோட ஆய்விதழ்ல இந்த வரலாறு விரிவா வந்துச்சு. பழங்காலப் பிரஷ்ஷை வாங்கி உபயோகிக்கிற ஃபேஷன் திரும்ப வர்றதால அதுல ஒரு எச்சரிக்கையும் இருந்துச்சு.

பயப்படாதீங்க. இன்னைக்குக் கடையில வாங்குற புதுப் பிரஷ்ஷால ஆந்த்ராக்ஸ் வரும்னு நான் சொல்ல வரல. பழைய சாமான் கடையில நூறு வருஷத்துப் பிரஷ் அழகா இருந்தா, அலமாரியில வைங்க, முகத்துல வைக்காதீங்க. அடுத்தவங்க பிரஷ்ஷையும் உபயோகிக்காதீங்க. பிரஷ் நம்ம வெட்டுக்காயத்தைத் தொடுற பொருள். டூத் பிரஷ் மாதிரி அதுவும் ஒருத்தருக்கு ஒண்ணுதான்.

அளவு: சின்னதே போதும்

சரி, செயற்கை இழைன்னு முடிவு பண்ணிட்டோம். அடுத்தது அளவு. ஆன்லைன்ல பார்த்தா ரெண்டு எண் போட்டிருப்பாங்க. ஒண்ணு முடிக்கட்டோட விட்டம். இன்னொண்ணு கைப்பிடிக்கு மேல தெரியுற முடியோட உயரம். ரெண்டும் மில்லிமீட்டர்ல இருக்கும்.

வீட்டுக்கு 24, 26 மில்லிமீட்டர் விட்டம் நல்லா இருக்கும். பயணத்துக்கு 20ல இருந்து 22 போதும். கட்டு பெருசா, அடர்த்தியா இருந்தா நடுவுல காத்தே போகாது. எந்தப் பிரஷ்ஷும் கடைசியா காயுற இடம் கைப்பிடிக்குள்ள முடி ஒட்டியிருக்கிற அந்த அடிப்பாகம்தான். பூஞ்சை ஆரம்பிக்கிறதும் அங்கதான். கட்டு சின்னதா இருந்தா அந்த இடமும் சின்னது.

முடி உயரம் 45ல இருந்து 50 மில்லிமீட்டர். அதை விட நீளமா இருந்தா பையில வளையும். ரொம்ப குட்டையா இருந்தா நுரை கையெல்லாம் வழியும். வெளியூர்ல நுரை அடிக்கக் கிண்ணம் எடுத்துட்டுப் போக மாட்டோம், முகத்துலயே நேரா தேய்ச்சு நுரை எடுப்போம். அதுக்கு இந்த உயரம் சரியா இருக்கும்.

கைப்பிடி மரமா இருந்தா வேண்டாம். அழகா இருக்கும், ஆனா நனைஞ்சு காய்ஞ்சு நனைஞ்சு காய்ஞ்சு ஒரு நாள் விரிசல் விடும். பித்தளை கனம். பிளாஸ்டிக், ரெசின், அலுமினியம் மூணும் நல்லது. கைப்பிடி குட்டையா, அடி தட்டையா, நிக்க வச்சா விழாம இருக்கணும். ஹோட்டல் வாஷ்பேசின் விளிம்புல நிக்காத பிரஷ் தினமும் தரையில உருளும்.

மூடியா, டியூப்பா, கைக்குட்டையா?

பயணத்துக்குன்னே ஒரு டிசைன் இருக்கு. கைப்பிடி உள்ள காலியா இருக்கும். முடிப் பகுதியைத் திருகிக் கழட்டி, தலைகீழாத் திருப்பி, கைப்பிடிக்குள்ள விட்டு மறுபடி திருகலாம். மூடினா லிப்ஸ்டிக்கை விடக் கொஞ்சம் பெருசு, பாக்கெட்ல போகும். பார்க்கவே ஆசையா இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பாருங்க: கைப்பிடியோட அடியிலயோ பக்கத்துலயோ காத்துப் போக ஓட்டை இருக்கா? இல்லைன்னா அது என்னோட பழைய டியூப்போட அழகான தம்பி, அவ்வளவுதான். திருகுற மறையும் நல்லா இருக்கணும். மலிவான சிலதுல ரெண்டு மாசத்துல மறை தேய்ஞ்சு, ஷேவ் நடுவுல தலை ஆட ஆரம்பிக்கும்.

ஏற்கனவே நல்ல சின்னப் பிரஷ் இருந்தா புதுசு வேண்டாம். காலியான வைட்டமின் மாத்திரை டப்பா ஒண்ணு எடுங்க. பிரஷ் தளர்வா உள்ள போகணும். ஊசியைச் சூடாக்கி சுத்திப் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போடுங்க, மூடியிலயும் போடுங்க. செலவு பூஜ்யம். டப்பாவோட வேலை முடி நசுங்காம பார்த்துக்கிறது மட்டும்தான். பிரஷ்ஷை வைக்கும்போது முதல்ல கைப்பிடியை உள்ள விடுங்க, முடி மூடிப் பக்கம் இருக்கட்டும். அழுத்தி மூடாதீங்க. ஒரு தடவை வளைஞ்சு காய்ஞ்ச முடி அப்படியே நிக்கும்.

அதுவும் வேண்டாமா? அப்பா முறை. பருத்திக் கைக்குட்டையில தளர்வா சுத்தி, பையோட வெளிப் பக்க வலைப் பாக்கெட்ல சொருகுங்க. துணி ஈரத்தையும் இழுத்துக்கும்.

ஊர்ல இருக்கிறப்போ செய்ய வேண்டியது

எவ்வளவு நல்ல பிரஷ் வாங்கினாலும் பழக்கம் சரியில்லைன்னா வீண். நான் செய்றதைச் சொல்றேன்.

ஷேவ் முடிஞ்சதும் தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசுவேன். சோப்பு மிச்சம் இருந்தா அது ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். அப்புறம் முடியைக் கையால பிழிவேன். முறுக்க மாட்டேன், முறுக்கினா வேர்ல உடையும். பாத்ரூம்லயே பத்துத் தடவை பலமா உதறுவேன். காஞ்ச டவல்ல முன்னும் பின்னும் பத்துத் தடவை தடவுவேன். மொத்தம் ஒரு நிமிஷம் ஆகும்.

அடுத்ததுதான் முக்கியம். பிரஷ்ஷை பாத்ரூம்ல விட மாட்டேன். ஹோட்டல் பாத்ரூம்ல ஜன்னல் இருக்காது, ஷவர் ஆவி சுத்திட்டே இருக்கும். ரூமுக்குள்ள டிவி பக்கத்துல, ஏசி காத்துப் படுற இடத்துல நிக்க வச்சிருவேன். தலைகீழாத் தொங்கவிடணுமான்னு நிறைய பேர் கேட்கிறீங்க. அது பெரிய வித்தியாசம் பண்றதில்ல. காத்துதான் வித்தியாசம் பண்ணும்.

ரூம் காலி பண்ற அன்னைக்கு எழுந்ததும் முதல் வேலை ஷேவ். குளிச்சு, சாப்பிட்டு, துணி மடிச்சு, எல்லாம் முடிஞ்ச பிறகு கடைசியா பைக்குள்ள போறது பிரஷ். ஒரு மணி நேரம் காத்து கிடைச்சிருக்கும். அடுத்த ஊர்ல ரூமுக்குள்ள நுழைஞ்சு ஷூ கழட்டின கையோட முதல்ல வெளிய வர்றதும் பிரஷ்தான். ஃபோன் சார்ஜர் ரெண்டாவது.

தண்ணியும் கவனிங்க. சென்னை போர்வெல் தண்ணி மாதிரி உப்புத் தண்ணி இருக்கிற ஊர்ல சோப்பு நுரை சரியா வராது. தண்ணியில இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேர்ந்து வெள்ளையாப் படியும், பிரஷ்லயும் ஒட்டும். பிரஷ் சரியில்லைன்னு திட்டாதீங்க. அரை டம்ளர் குடிக்கிற தண்ணி எடுத்து நுரை அடிச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும். மாசம் ஒரு தடவை வீட்டுல, தண்ணியில கொஞ்சம் வினிகர் கலந்து பிரஷ்ஷை சில நிமிஷம் ஊற வச்சு அலசினா அந்தப் படிவு போயிடும்.

ஏர்போர்ட்ல

பிரஷ்ஷால ஒரு பிரச்சினையும் இல்ல, கைப்பையில தாராளமாப் போகும். பிளேடுதான் பிரச்சினை. கழட்டி மாட்டுற பிளேடு கைப்பையில இருந்தா எடுத்துருவாங்க. செக்-இன் பேக்ல போடுங்க, இல்லைன்னா போற ஊர்ல பெட்டிக் கடையிலயே ஒரு பாக்கெட் வாங்கிக்கோங்க. வெளிநாட்டு ஃப்ளைட்னா கிரீம், ஜெல், ஃபோம் எல்லாம் 100 மில்லி கணக்குல வரும். கெட்டியான சோப்புக்கு அந்தக் கணக்கு இல்ல. அதனால என் பையில குச்சி மாதிரி இருக்கிற ஷேவிங் சோப்புதான். ஈர முகத்துல நேரா தேய்ச்சு, மேல பிரஷ்ஷால சுத்தினா போதும். ஒரு சோப்பு பல மாசம் வரும்.

கடையில நின்னு பார்க்க

கையில எடுத்துப் பார்க்க முடிஞ்சா நாலு விஷயம் பாருங்க. காஞ்ச பிரஷ்ஷைக் கன்னத்துல அழுத்துங்க, குத்தினா வேண்டாம். முடியை லேசா இழுங்க. புதுசுல ஒண்ணு ரெண்டு வர்றது சகஜம், கொத்தா வந்தா வச்சிருங்க. விரலால முடியை விரிச்சு, அடியில பசை சீரா இருக்கான்னு பாருங்க, இடுக்கு இருந்தா அங்க தண்ணி தேங்கும். உங்க டூத் பிரஷ் வைக்கிற பையில இது போகுமான்னு யோசிங்க.

செயற்கைன்னு சொல்லி வித்தது நிஜமாவே செயற்கைதானான்னு சந்தேகமா? உதிர்ந்த ஒரு முடியை நெருப்புல காட்டுங்க. உருகி குட்டி உருண்டையானா பிளாஸ்டிக். கருகி, முடி பொசுங்குற வாடை வந்தா விலங்கு.

குறையும் சொல்லணும்ல? செயற்கை இழை சூட்டை அவ்வளவா வச்சுக்காது. துள்ளல் அதிகம், புதுசுல கண்ணாடியெல்லாம் நுரை தெறிக்கும். பேட்ஜரோட அந்தக் கனமான, ஈரமான தொடுதல் இதுல முழுசா வராது. குளிர்கால டெல்லிக் காலையில நானே அதுக்கு ஏங்கியிருக்கேன். ஆனா டெல்லியில நுரை கொஞ்சம் சூடு கம்மியா இருந்தா பரவாயில்ல. கழுத்துல கட்டி வந்தா பரவாயில்லன்னு விட முடியாது.

கடைசியா

அப்பாவோட பிரஷ் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. தூக்கிப் போடலாம்னுதான் இருந்தேன். அப்பா வேண்டாம்னாரு. கழுவி, வெயில்ல ரெண்டு நாள் காய வச்சாரு. அடியில இருந்த கறுப்பு முழுசாப் போகல. "இனி முகத்துக்கு வேண்டாம்ப்பா"ன்னு நான்தான் சொன்னேன். இப்ப அது அவரோட தையல் மிஷின் டப்பாவுல இருக்கு. மிஷின் இடுக்குல சேர்ற தூசி தட்ட எடுக்கிறாரு. இருபது வருஷம் லாட்ஜ்ல தாங்கினதை நான் ஒரே டிரிப்ல முடிச்சுட்டேன்னு இன்னும் சொல்லிக் காட்டுவாரு. (சிரிப்பு)

போன பிறந்தநாளுக்கு அவருக்கு ஒரு 22 மில்லிமீட்டர் செயற்கை பிரஷ் வாங்கிக் கொடுத்தேன், என்னோடது மாதிரியே. முதல்ல "பிளாஸ்டிக்கா?"ன்னாரு. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. மத்தியானத்துக்குள்ள காஞ்சிடுது"ன்னாரு. இப்ப ரெண்டு பிரஷ்ஷும் வீட்டு ஜன்னல்ல பக்கத்துல பக்கத்துல நிக்குது. நான் ஊருக்குக் கிளம்பும்போது மட்டும் ஒண்ணு குறையும்.

அதனால, செயற்கை இழை, 20ல இருந்து 22 மில்லிமீட்டர், குட்டைக் கைப்பிடி, ஓட்டை உள்ள டப்பா. இதெல்லாம் மறந்துட்டாக் கூட பரவாயில்ல. ஈரத்தோட மூடாதீங்க. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப உங்க பைக்குள்ள ஒரு பிரஷ் மூடி கிடக்கா? எபிசோடு முடிஞ்சதும் போய் வெளிய எடுத்து வைங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.